குரல் நரம்பின் அருகில்

பேரனின் சிகிச்சைக்காகப் பேராதனை வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் நான் தங்கியிருந்தபோது, தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரைக் கண்டேன். மெலிந்த தேகம், பேசும்போதெல்லாம் தம் தொண்டையைத் தடவிக்கொள்வார். அவருடைய பத்து வயது மகளுக்குத் தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய். வைத்தியர் சிங்களத்தில் கூறியதை நான் அவருக்குத் தமிழில் எடுத்துரைத்தேன். பாதிச் சுரப்பியை மட்டும் அகற்றினால் நோய் மீண்டும் தலைகாட்டலாம். முழுவதையும் அகற்றினால் வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும், அருகிலுள்ள குரல் நரம்புகளுக்கும் ஆபத்து கூடுதல்.

"முழுசா எடுத்திரச் சொல்லுங்க ஐயா. புள்ள இருந்தாப் போதும்" என்று கையொப்பமிட்டார்.

மறுநாட் காலையில் சத்திரசிகிச்சை. அன்று மாலை மகள், "அப்பா!" என்றாள். கட்டிலருகே கதிரையில் இருந்தவர் அசையவில்லை.

"அப்பா! காது செவிடாப் போச்சா?"

"பிள்ளை அழைக்கிறாளே" என்றேன்.

"கேக்குதுங்க ஐயா" என்றார் மெல்ல. "இன்னும் ரெண்டு தடவ கூப்பிடட்டும்."

அவள் சினந்து உரக்க அழைத்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். மறுமொழி சொல்லுமாறு அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் அக்குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.