முதுகுல ரெண்டு தட்டு

இது நடந்தது. நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க ஒரு ஞாயித்துக்கிழமை உச்சி வெயில்ல தேர்வாய் கண்டிகைக்கு வாங்க, நானே அந்த ஏணியைக் காட்டறேன். ஏறுறது உங்க சாமர்த்தியம். பேய்ன்னா ராத்திரிதான் வரும், வெள்ளைப் புடவை கட்டிக்கினுதான் வரும்னு நினைச்சுக்கினு இருக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது பட்டப்பகல்ல வந்தது. வந்தது ஒரு பட்டாளத்துக்காரன்.

அங்க ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி. அதுல சேஃப்டி சூப்பர்வைசரு தேசப்பன். ஒரு காலத்துல மிலிட்டரியில பாராசூட் கட்டிக்கினு பிளேன்ல இருந்து குதிச்ச மனுஷன். வயசு அறுபது தாண்டிடுச்சு, நடை மட்டும் இன்னும் பரேடுதான். அவருக்கு ஒரு பழக்கம். கம்பெனியில எவன் உயரத்துல ஏறினாலும் பெல்ட், கொக்கி, கயிறு எல்லாத்தையும் தானே இழுத்துப் பார்ப்பாரு. பார்த்துட்டு முதுகுல ரெண்டு தட்டு தட்டுவாரு. அந்தத் தட்டு விழாம எவனும் ஏணியில கால் வைக்கக் கூடாது. "இன்னா மாமா, கொழந்தைக்கு ஏப்பம் வர வைக்கிறியா?"ன்னு பசங்க கலாய்ப்பாங்க. சிரிங்கடா, பல்லு இருக்கிற வரைக்கும் சிரிங்கன்னுட்டுப் போய்டுவாரு.

அந்தத் தட்டு அவரு கண்டுபிடிச்சது இல்ல. பிளேன்ல குதிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நிப்பாங்க. பின்னாடி நிக்கிறவன் முன்னாடி நிக்கிறவனோட முதுகுப் பையைச் சோதிக்கணும். எல்லாம் சரின்னா ரெண்டு தட்டு. தன் முதுகு தன் கண்ணுக்குத் தெரியாது இல்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

தேசப்பனுக்குப் பின்னாடி எப்பவும் நிக்கிறவன் ராபின். மீஞ்சூர்க்காரன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆள் எடுப்புக்குப் போய், ஒரே ரயில்ல வடக்கே போனவங்க. ராபின் சேட்டை புடிச்சவன். ரெண்டு தட்டு தட்டிட்டு சும்மா இருக்க மாட்டான், காதை ஒரு கிள்ளு கிள்ளுவான். குதிக்கப் போற பயத்துலயும் அந்தக் கிள்ளுல தேசப்பனுக்குச் சிரிப்பு வந்துடும்.

அப்போ இருந்த பாராசூட் வட்டக் குடை. இப்ப வர்ற சதுரக் குடை மாதிரி நினைச்ச பக்கம் ஓட்ட முடியாது. காத்து எங்க தள்ளுதோ அங்கதான் போகணும். ஒரு நாள் பயிற்சியில தேசப்பன் குதிச்சாரு. குடை விரிஞ்சுது. அண்ணாந்து பார்த்தாரு. துணி மேல ரெண்டு குழி விழுந்துச்சு. ரெண்டு பூட்ஸு. ராபினோட குடை சரியா விரியாம, அவன் நேரா இவரு குடை மேல வந்து விழுந்திருக்கான். அவன் அங்கயே நின்னா ரெண்டு பேரும் காலி. சொல்லிக் கொடுத்த சட்டம், மேல இருக்கிறவன் ஓடி இறங்கிடணும்.

ராபின் ஓடினான். துணி மேல அந்தக் குழிங்க ஒண்ணு ஒண்ணா ஓரத்துக்குப் போனதை தேசப்பன் கீழ இருந்து பார்த்துக்கினே இருந்தாரு. அப்புறம் அவன் இவரைத் தாண்டிக் கீழ போனான். நெஞ்சு மேல இருக்கிற சின்னக் குடையை விரிக்க உயரம் பத்தல. அன்னிக்கு இருந்து தேசப்பனுக்குக் கூரை மேல பூனை ஓடினாலும் தூக்கம் போய்டும். இதையெல்லாம் அவரு ஊட்ல யாராண்டயும் வாய் திறந்து சொன்னது இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

போன ஐப்பசி. மழை வந்தா ஷெட்டு ஒழுகும், அட்டை எல்லாம் ஊறிடும்னு மேனேஜர் கத்திக்கினு இருந்தாரு. கூரைக்கு ஏற வேண்டியவன் அன்பு. தேசப்பனோட அக்கா பையன், பொண்ணு இளமதியோட புருஷனும் அவன்தான். இளமதிக்கு அப்போ எட்டாம் மாசம். காலையில டிபன் டப்பாவைக் கையில குடுத்துட்டு அவ சொன்னா, "நைனா, அவர எப்படி கூட்டிக்கினு போறியோ அப்படியே கூட்டிக்கினு வந்துடு." சரிம்மான்னு சொல்லிட்டு வந்தாரு மனுஷன்.

ஞாயித்துக்கிழமை, ஷெட்ல ஒரு ஆள் இல்ல. அது தகரக் கூரை. வெளிச்சத்துக்காக நடுநடுவுல வெள்ளை ஃபைபர் ஷீட் போட்டிருக்கும். வெயில்ல காஞ்சு காஞ்சு அது அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், மேல கால் வெச்சா அவ்வளவுதான். அன்பு பெல்ட்டை மாட்டிக்கினு ஏணியாண்ட நின்னான். அந்த நேரம் பார்த்து கேட்ல லாரி வந்து ஹாரன் அடிச்சுது. வாட்ச்மேன் லீவு. இரு, வந்துடறேன், ஏறிடாதேன்னு சொல்லிட்டு தேசப்பன் கேட்டுக்குப் போனாரு.

அன்பு எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பான்? ஏறிட்டான். தட்டு விழாம.

தேசப்பன் திரும்பி வந்தப்ப ஏணி காலி. எங்க நிக்கிறான்னு பார்க்க ஷெட்டுக்குள்ள ஓடினாரு. மணி பன்னெண்டு தாண்டியிருக்கும். உச்சி வேளையில புளியமரத்தாண்ட போகாதேன்னு நம்ம பக்கம் சொல்வாங்க. அங்க புளியமரம் கூட இல்ல. காத்தும் இல்ல. மெஷின் எல்லாம் நின்னு கிடந்துச்சு.

டக்… டக்… டக்…

தகரத்து மேல நடக்கிற சத்தம். அன்புதான். தேசப்பனுக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. சத்தம் வெள்ளை ஷீட்டாண்ட வந்து நின்னுச்சு. ஷீட்டு ஓரத்துல ரெண்டு கால் நிழல் தெரிஞ்சுது.

அப்புறம் இன்னும் ரெண்டு.

நாலு கால். ரெண்டு அன்புவோடது. அது தகரத்து விளிம்புல நின்னுச்சு. மத்த ரெண்டும் ஷீட்டுக்கு நட்ட நடுவுல.

அங்க ஒரு ஆள் நின்னா ஷீட்டு நொறுங்கியிருக்கணும்.

நொறுங்கல. அமுங்குச்சு… துணி மாதிரி. ரெண்டு குழி.

தேசப்பன் அண்ணாந்து பார்த்துக்கினே நின்னாரு.

அந்த ரெண்டு கால் அசையாம நின்னுச்சு. எதுக்கோ காத்திருக்கிற மாதிரி.

அப்புறம்…

ஓடுச்சு.

குழி குழியா. ஓரத்துக்கு.

சத்தமே இல்ல.

அடுத்த நொடி… படார்!

ஷீட்டு உடைஞ்சு அன்பு கீழ வந்தான். வந்தவன் பாதியில நின்னான். பெல்ட்டு புடிச்சுக்கிச்சு. தலைக்கு மேல ஓட்டை, அது வழியா வெயில், நடுவுல அன்பு தொங்கிக்கினு இருந்தான். லாரி டிரைவர் கோபால் சத்தம் கேட்டு ஓடி வந்தாரு. ரெண்டு பேருமா பெரிய ஏணியைப் போட்டு அவனைக் கீழ இறக்கினாங்க. விலாவுல சிராய்ப்பு, அவ்வளவுதான். தேசப்பன் அவனைக் கட்டிப் புடிச்சுக்கினு அழுதாரு. வெக்கமே படல.

டீ குடிச்சு முடிச்சப்புறம்தான் அன்பு வாயைத் திறந்தான்.

"மாமா, தப்பு என்னுதுதான். கொக்கிய பேருக்குத்தான் மாட்டினேன், பூட்டவே இல்ல. நீ மட்டும் வந்து தட்டலன்னா இந்நேரம் இளமதி ஊட்ல ஒப்பாரிதான்."

"நான் எப்படா வந்து தட்டினேன்?"

"இன்னா மாமா வெளாடற? மேல நிக்கறேன், முதுகுல ரெண்டு தட்டு. தட்டு விழுந்தா கொக்கியத் தொட்டுப் பாக்கணும்னு நீதானே சொல்லிக் குடுத்த? தொட்டேன், தொறந்து கெடந்துச்சு. பூட்டினேன். அது சரி, தட்டிட்டு காதை எதுக்குக் கிள்ளின?"

தேசப்பன் தன் காதைத் தொட்டுப் பார்த்தாரு.

அன்பு அதைக் கவனிக்கல. பூட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா மாமா இல்ல, அதுக்குள்ள இறங்கிட்டாருன்னு நினைச்சானாம், வேற யாரோ நின்னாங்கன்னு சொன்னான். பச்சைச் சட்டை, முதுகுல மூட்டை மாதிரி ஒரு பை, அதுல ஒரு நாடா அவுந்து தொங்கிக்கினு இருந்துச்சாம். கான்ட்ராக்டர் அனுப்பின ஆளுன்னு நினைச்சுக்கினானாம். அந்த ஆளு முதுகைக் காட்டிக்கினு சும்மா நின்னானாம். மூஞ்சியே காட்டலயாம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஓடினானாம். விழுந்துடப் போறான்னு பதறிப்போய் இவன் ஒரு காலை முன்னாடி வெச்சிருக்கான், அது ஷீட்டு மேல பட்டுடுச்சு.

"அந்த ஆளு கீழ வரலயே? அவன் எந்தப் பக்கமா இறங்கினான் மாமா?"

தேசப்பன் எழுந்து வெளிய போனாரு. ஷெட்டைச் சுத்தி நடந்து பார்த்தாரு. கீழ யாரும் விழுந்து கிடக்கல. கேட்டு வழியா யாரும் போகவும் இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் மணவாள நகர்ல இருக்கிற வீரராகவனுக்கு போன் போட்டாரு. அவரும் அதே படைப்பிரிவு, அன்னிக்கு அதே பிளேன்ல எதிர் வரிசையில நின்னவரு. இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் அந்த நாளைப் பத்திப் பேசினதே இல்ல. தேசப்பன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ராபின் வரிசையில கடைசி ஆளு. அவனுக்குப் பின்னாடி யாரும் இல்ல. அவன் முதுகைத் தட்டினது யாரு?

வீரராகவன் சொன்னாரு.

"கடைசி ஆளை ஆபீசர்தான் பாக்கணும், தேசு. அன்னிக்கு முன்னாடி ஒருத்தன் வாந்தி எடுத்துட்டான், அவரு அங்க போய்ட்டாரு. ராபின் உனக்குத் தட்டிட்டு, முதுகைக் காட்டிக்கினு நின்னான். யாராவது வருவாங்கன்னு நின்னுக்கினே இருந்தான். நான் பார்த்தேன். குதிக்கச் சொல்லி பச்சை லைட்டு வந்துடுச்சு. ஓடிட்டான்."

மறுநாள் உச்சி வேளையில, சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தினதும், தேசப்பன் பெல்ட்டைக் கட்டினாரு. அன்பு எவ்வளவோ தடுத்துப் பார்த்தான், கேக்கல. ஏறுறதுக்கு முன்னாடி அன்புதான் கொக்கியை இழுத்துப் பார்த்து, அவரு முதுகுல ரெண்டு தட்டு தட்டினான். மேல போனாரு. அந்த ஓட்டை ஓரமா நின்னாரு. வெறும் வெயிலு. ஆள் இல்ல.

கையை நீட்டி காத்துல எதையோ இழுத்துக் கட்டினாரு, நாடா கட்டற மாதிரி.

ரெண்டு தட்டு தட்டினாரு.

தட்டினது காத்துலதான். ஆனா கீழ நின்ன அன்புக்குக் கேட்டுச்சு… கெட்டித் துணி மேல கை படற சத்தம். ரெண்டு தடவை.

அப்புறம் பூட்ஸ் சத்தம். தகரத்து மேல. ஓரம் வரைக்கும் ஓடுச்சு.

விழுந்த சத்தம் மட்டும் கேக்கவே இல்ல.