கழியில் ஒன்றும் இல்லை

கையில் நோட்டோடு யார் ஊருக்குள் நுழைந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அளந்து எழுத வந்தவர்கள் எதையும் கொடுத்துவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

அன்று வந்தவள் கல்லூரியில் படிக்கும் பெண். காரைக்கால் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவேடு போடுகிறார்களாம். ஊருக்குத் தெற்கே ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கிடக்கும் கழியைக் காட்டி, "இதுல என்னென்ன இருக்குக்கா?" என்றாள். எத்தனை வகை மீன், ஒரே மீனில் எத்தனை சாயல், சேறு எங்கே, மணல் எங்கே, அலையாத்தி மரம் எங்கே என்று அடுக்கினாள். வகை கூடக்கூடத்தான் கழிக்குப் பலமாம். ஒன்று குறைந்தாலும் இன்னொன்று ஈடுகொடுக்குமாம்.

எனக்குத் தெரியாததா? மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறிவிட்டால் எங்கள் அடுப்பு அந்தக் கழியை நம்பித்தான் எரியும். மடவை மீன் வராத வருஷம் நண்டு, நண்டு இளைத்தால் இறால், அதுவும் இல்லையென்றால் சேற்றில் கிடக்கும் மட்டிச் சிப்பி. ஆனால் இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். இவள் எழுதிக்கொண்டு போவாள். நாளைக்குச் சரணாலயம் என்று வேலி போடுவார்கள். பிறகு நான் நண்டு பிடித்தால் திருட்டு என்பார்கள்.

மீன் கிடக்கும் இடத்தை எங்கள் ஆட்கள் கூடப்பிறந்தவனிடமே சொல்லமாட்டார்கள். வலை நிறைய வந்த அன்றும் "ஒண்ணும் படல" என்றுதான் கரையேறுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் சொன்னேன்.

"வெறும் சேறும்மா. கொசுவைத் தவிர ஒண்ணும் கெடையாது."

வாசலில் கிடந்த நண்டு ஓடுகளை அவள் பார்த்தாள். "அது கடல் நண்டு" என்றேன். தெருவே கழியில் ஒன்றும் இல்லையென்றுதான் சொல்லி அனுப்பியது. அவ்வளவு ஒற்றுமையைக் கோயில் திருவிழாவில்கூட நான் கண்டதில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். கழியைத் தூர்த்து லாரி நிறுத்த இடம் செய்யப் போகிறார்களாம். வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டுத் தாளைப் பார்த்துப் படித்தார். குறிப்பிடும்படியான உயிர் எதுவும் கழியில் இல்லை என்று ஊர்மக்களே சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

நான் உடனே எழுந்து நின்று, "பொய் சொல்லிட்டோங்க. அதுல எல்லாம் இருக்குங்க" என்று மடவையிலிருந்து மட்டிவரை ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, எடம் போகுதுன்னதும் இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்படிம்மா நம்புறது?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.