அண்ணி போட்ட கோடு

எங்கள் வீட்டில் அண்ணி போட்ட கோட்டை அண்ணன் தாண்டமாட்டார். இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அண்ணியின் தொழிலே கோடு போடுவதுதான். படகுப் பட்டறையில், கரையேற்றி நிறுத்திய பாய்மரப் படகுகளுக்கு வர்ணம் பூசி, தண்ணீரில் படகு எந்த மட்டம் வரை மூழ்கி நிற்குமோ அந்த மட்டத்தில் சுற்றிலும் ஒரு பட்டை இழுப்பார். அதற்குத் தண்ணிக் கோடு என்று பெயர். அதே பட்டறையில் நான் கிரேன் ஓட்டுகிறேன். படகைத் தூக்கி வைப்பது நான், அழகாக்குவது அண்ணி, பார்த்து வாயைப் பிளப்பது ஊரில் உள்ள மற்ற எல்லோரும். என் கிரேனைப் பார்த்து இதுவரை ஒருவரும் வாயைப் பிளந்ததில்லை.

பட்டறையில் அவருக்கு நூலக்கா என்று பெயர். நூல் பிடித்த மாதிரி வேலை என்பது ஒரு காரணம். கோணலாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது என்பது இன்னொரு காரணம். பல் டாக்டரிடம் போயிருந்தபோது, வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, சுவரில் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்காமல் நின்றதைச் சரிசெய்யப் போய், அந்த ஆள் கூச்சல் போட்டு, நான் நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இந்தக் கோட்டு வேலையை நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். அண்ணிக்குக் காய்ச்சல். படகுக்காரர் அவசரப்பட்டார். ஒரு கோடுதானே, இதற்கென்ன பெரிய படிப்பு என்று, மட்டம் பிடித்து, டேப் ஒட்டி, முனையிலிருந்து முனை வரை அச்சாக நேராக இழுத்தேன். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தால் படகின் இரண்டு முனையும் கீழே தொங்குகின்றன. மட்டம் வைத்துப் பார்த்தால் நேராக இருக்கிறது, கண்ணால் பார்த்தால் தொங்குகிறது. அண்ணி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

"யாரு செத்துப்போனா? படகு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கு?"

"தரை கொஞ்சம் சாய்வு அண்ணி."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நேரா போட்டா நேரா தெரியாது தம்பி. படகு உடம்பு வளைஞ்ச உடம்பு. ரெண்டு முனையிலயும் ஒரு விரல் தூக்கிப் போடணும். அப்பத்தான் பாக்கிற கண்ணுக்கு நேரா தெரியும்."

காய்ச்சலோடு காய்ச்சலாக அவரே சுரண்டிவிட்டு வேறு கோடு போட்டார். அன்றிலிருந்து நான் கிரேனை விட்டு இறங்குவதில்லை.

இனி அண்ணனைப் பற்றி. அண்ணன் ரொட்டிக் கடைக்காரர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பவர். அவர் வீடு வரும் நேரத்தில் அண்ணி வர்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்ற, ஒருவர் செருப்பை மாட்ட, "சாப்பாடு மேசை மேல இருக்கு", "சரி", அவ்வளவுதான் குடும்பப் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல விழித்திருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும். அதிலும் பாதி நேரம் அண்ணன் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்.

கடையை மகள் கையில் கொடுத்த அன்றைக்கு அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஒரு படகு வாங்கப் போறேன்டா. அவளையும் கூட்டிக்கிட்டு, தீவு தீவா, அவசரமே இல்லாம போகணும். ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சு, ஒண்ணா தூங்கணும்." கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கூடவே, படகு வாங்குவதற்கு முன் அண்ணியிடம் காட்டு என்றும் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்திருந்ததால் சொல்லவில்லை.

அண்ணன் ரொட்டி வாங்குகிற கண்ணோடு போய்ப் படகு வாங்கிவிட்டார். நன்றாக உப்பிய படகு. அகலம் அதிகம், உயரம் அதைவிட அதிகம். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், அடுப்பு உண்டு, குளியலறை உண்டு, இரண்டு பேர் கைகால் நீட்டிப் படுக்கலாம். வெளியே பார்த்தால், நீள ரொட்டியைப் பின்பக்கம் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி மிதக்கவிட்ட மாதிரி இருந்தது. படகுத்துறையில் கட்டிய முதல் நாளே அதற்கு 'பன்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அண்ணி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தார். திரும்பப் பின்னாலிருந்து முன்னால் நடந்தார்.

"இத நீங்க வாங்குனீங்களா, இல்ல யாராவது உங்க தலையில கட்டுனாங்களா?"

"உள்ள வந்து பாரேன். ரொம்ப வசதி."

"உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய நிக்கிறவளுக்குத்தானே தெரியுது! ஒரு படகுன்னா மேல் விளிம்பு முன்னால நல்லா எழும்பி, நடுவுல தழைஞ்சு, பின்னால லேசா தூக்கி முடியணும். கண்ணு முன்னாலேருந்து கிளம்பினா பின்னால வரைக்கும் எங்கயும் தடுக்கி விழக் கூடாது. இதுல கண்ணு கிளம்பவே மாட்டேங்குது. கப்போர்டு மாதிரி நிக்குது."

"அழகு சோறு போடுமா?"

"எனக்கு அதுதாங்க சோறு போடுது. நான் கோடு போட்ட படகெல்லாம் இந்தத் துறையில வரிசையா நிக்குது. அதுங்க நடுவுல நான் இதுல உக்காந்து போகணுமா? நான் ஏற மாட்டேன்."

அண்ணனின் முகம் புளிக்காத மாவு மாதிரி அமுங்கிப்போயிற்று. நான் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டுவது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணியின் கை சும்மா இருக்கிற கையா? வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அந்தப் பன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பல்லில் மாட்டிய நார் மாதிரி அது அவரைப் படுத்திற்று. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "தம்பி, அதத் தூக்கி வைங்க, பாக்கவே சகிக்கல" என்றார். தூக்கி வைத்தேன்.

அவர் அதற்குச் செய்ததையெல்லாம் நான் கிரேன் மேலிருந்து பார்த்தேன். வெள்ளையாக உப்பியிருந்த உடம்புக்குக் கருநீலம் பூசினார், பாதி உயரம் காணாமல் போயிற்று. மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பாலாடை நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. மரத்தில் இல்லாத வளைவு அந்தக் கோட்டில் இருந்தது, முன்னால் எழும்பி, நடுவில் தழைந்து, பின்னால் லேசாகத் தூக்கியது. பஸ் ஜன்னல் மாதிரி முழித்துக்கொண்டிருந்த ஜன்னல்களைச் சுற்றி அடர்த்தியான பழுப்பு அடித்து ஒரே பட்டையாக்கினார், மேலே துருத்திக்கொண்டிருந்த அறைக்கட்டு குனிந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியாக, இரு முனையும் ஒரு விரல் தூக்கிய சிவப்புத் தண்ணிக் கோடு. இறக்கிவிட்டேன். அது மிதந்து நின்றதும் எனக்கே இது நம்ம பன்தானா என்று சந்தேகம் வந்தது.

துறையில் கூட்டம் கூடிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். அந்தத் துறையிலேயே அழகான படகு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட படகின் சொந்தக்காரர், யாரோடும் பேசாத மனிதர், நடைபாலத்தில் வந்து நின்று, "இது யாரு வடிவமைச்சது?" என்று அண்ணனிடம் கேட்டார். "வீட்டுக்காரம்மா" என்றார் அண்ணன். அண்ணி திரும்பி நின்று தூரிகை கழுவினார். காது வரை சிரிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி படகில் ஏறினார். கையில் துடைக்கிற துணியோடுதான் ஏறினார், ஆனாலும் ஏறினார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே சாமான் ஏற்ற ஆரம்பித்தார்.

அங்கேதான் வினை வந்தது. நூலக்கா கோடு போட்டது காலிப் படகுக்கு. எல்லாப் படகுக்கும் அப்படித்தான் போடுவார், அப்போதுதான் அழகு. சொந்தக்காரர்கள் அப்புறம் எதை ஏற்றி எவ்வளவு முக்கினாலும் அது அவர் கண்ணில் படுவதில்லை, அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். இங்கே அவர் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் தண்ணீர் கேன்களை ஏற்றினார். சிவப்புக் கோடு பாதி மறைந்தது.

"கோடு முங்குது! எறக்குங்க!"

"குடிக்கிற தண்ணிம்மா."

"போற வழியில வாங்கிக்கலாம்."

கேஸ் சிலிண்டருக்கும் அதே தீர்ப்பு. நங்கூரச் சங்கிலியில் பாதி கழன்று வீட்டுக்கு வந்தது. அண்ணன் பின்பக்கம் உட்கார்ந்தால் பின்னால் கோடு மறைகிறது என்று, சொந்தப் படகில் அண்ணன் நட்டநடுவில் மட்டும் உட்காரலாம் என்று உத்தரவாயிற்று. ஒருநாள் அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்து, அண்ணன் ஒரு மூட்டை மாவை முன்னறையில் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அண்ணி நடைபாலத்தின் மறுகோடியில் வரும்போதே கத்தினார்.

"முன்னால ரெண்டு விரல் எறங்கியிருக்கு. என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"முழுப் பூசணிக்காயைக்கூடச் சோத்துல மறைச்சுடலாம். அந்தக் கோட்டுக்குத் தெரியாம ஒரு கிலோ மாவை மறைக்க முடியாது."

இப்படியாகப் படகு ஒரு பொட்டுச் சாமான் இல்லாமல், ஒரு அடி நகராமல், துறையிலேயே நின்று எல்லோராலும் ரசிக்கப்பட்டது. நல்ல காற்று வீசும் மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கோடு முங்கி, பாசி பிடித்து, துணிமணி காயப்போட்ட அசிங்கமான படகுகளெல்லாம் கைகாட்டிவிட்டுக் கடலுக்குப் போயின. அண்ணன் நடுவில் உட்கார்ந்து திரும்பக் கைகாட்டினார். எனக்கு அண்ணி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால் கிரேனிடம்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒருவர் படகை விலைக்குக் கேட்டு வந்தார். அவ்வளவு அழகாக இருந்ததே! அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னார்.

"படகைக் குடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு வர்றாரு."

"ஏன்? எவ்வளவு நல்லா இருக்கு இப்ப!" என்றார் அண்ணி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரு ஜனம் வேடிக்கை பாக்கிறதுக்கா நான் வாங்கினேன்? உன்னோட ஒரு நாளாவது முழுசா முழிச்சிருக்கலாமேன்னு வாங்கினேன். அது நடக்கப் போறதில்ல. மகள்கிட்டச் சொல்லி மறுபடி ராத்திரி மாவு பிசையப் போறேன். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அண்ணன் சத்தம் போட்டிருந்தால் அண்ணி பதிலுக்கு இரண்டு மடங்கு போட்டிருப்பார். சத்தமே போடாமல் சொன்னதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தட்டிலிருந்த சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் நைசாக எழுந்து என் தட்டைக் கழுவப் போனேன்.

விடிந்ததும் என்னை எழுப்பியது அண்ணிதான்.

"தம்பி, வண்டிய எடுங்க. தண்ணி கேன், சிலிண்டர், சங்கிலி, மாவு மூட்டை எல்லாத்தையும் ஏத்துங்க. உங்கண்ணன் ரொட்டி சுடுற அந்தக் கல்லையும்தான். ஒண்ணு விடாம படகுக்குக் கொண்டாங்க."

கொண்டுபோய் ஏற்றினோம். அண்ணனும் கூட மூட்டை தூக்கினார். வாங்குகிறவர் சாமானோடு கேட்டிருப்பார் என்று நினைத்திருக்கலாம். காற்றே இல்லை, தண்ணீர் ஆடாமல் கிடந்தது. சிவப்புக் கோடு இருந்த இடமே தெரியாமல் முங்கிப்போயிற்று. அண்ணி ஒரு சின்னத் துடுப்புப் படகில் இறங்கி, கையில் சாக்கட்டியோடு பக்கவாட்டில் ஒட்டி நின்றார்.

"தம்பி, நீங்க உள்ள போய் வலது பக்க பெஞ்சுல உக்காருங்க. அந்த ரெண்டு வர்ண டப்பாவையும் எடுத்து மடியில வச்சுக்குங்க."

"டப்பா எதுக்கு அண்ணி?"

"நீங்க ஒல்லி. போதாது. இதுக்கு மேல கேக்காதீங்க."

மாவு மூட்டையை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். "அவன் எதுக்கு? அவன் எங்கயும் போகலையே."

"அவர் போகல. நான் கீழ நின்னு மட்டம் குறிக்கணுமா இல்லையா? அப்ப நான் உக்கார்ற எடத்துல வேற யாராவது உக்கார வேண்டாமா?" சாக்கட்டி படகின் மேல் கீச்சென்று ஓடிற்று. "பழைய கோட்டச் சுரண்டிட்டு இங்க புதுசா போடப் போறேன். அந்த ஆளுகிட்ட இல்லன்னு சொல்லிடுங்க."

அண்ணன் மூட்டையை அப்படியே கீழே போட்டார். பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய மனிதர், தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மடியில் டப்பா இருந்ததால் துடைக்க வழியில்லை.

கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. அந்தக் குரலும் கொஞ்சம் கரகரத்துத்தான் இருந்தது.

"என்னங்க, அங்க நின்னு அழாதீங்க. பின்னால எறங்குது. நடுவுல வந்து அழுங்க."

அண்ணன் நடுவில் வந்து அழுதார்.