சத்தமில்லாத படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்தால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் படம்தான். அடிதடி, குத்துப்பாட்டு எதுவும் இருக்காது. ஜப்பானிலோ தைவானிலோ யாரோ கையில் இருந்த காசுக்கு எடுத்த படமாக இருக்கும். ஒருவர் பழம் உரிப்பார், ஒரு பெண் துணி காயப்போடுவாள். வெகுநேரம் கழித்து யாராவது ஏதாவது பேசினால் அது கீழே மலாயில் எழுத்தாக ஓடும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் டிவியில் இதற்கெல்லாம் வழி செய்து கொடுத்தாள். ஒருமுறை கூடவே உட்கார்ந்து பார்த்தவள், "ஒன்னுமே நடக்கலயேம்மா, போரிங்லா" என்று சொல்லிவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள்.

எனக்குப் பிடித்ததில் அதிசயமில்லை. பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்தவள் நான். மணி அடிப்பதற்குள் நாசி லெமாக் தயாராக வேண்டும் என்று பாதி ஆயுள் ஓடிவிட்டது. ஒரு பெண் அவசரமே இல்லாமல் அரிசி களைவதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு வலி போய்விடும். அவருக்குப் பிடித்ததுதான் ஆச்சரியம். செம்பனை எண்ணெய் ஆலையில், மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சினிமாவில் சண்டை வந்தால் விசிலடிக்கிற ஆள்.

அப்படிப்பட்டவர், தமிழ்ப்படம் போட்டால் தலைவலி என்று எழுந்து போக ஆரம்பித்தார். மாதா கோயில் பாட்டுக்குழுவிலிருந்து விலகினார். சாயங்காலக் கோப்பிக்கடை அரட்டையும் நின்றது. அதற்குப் பதில் என்னை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து தஞ்சோங் காராங் பக்கம் கூட்டிப்போவார். வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் நெல்வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார், எல்லாம் நான் காட்டிய படங்களால்தான் என்று மகளிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

அன்று பார்த்த படத்தில் ஒரு தாய். மகன் பட்டணத்துக்குப் போகிறான். அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கோ தூரத்தில் ரயில் ஊதுகிறது. அவள் கை நிற்கிறது, கண் நிறைகிறது. அவ்வளவுதான் காட்சி. நான் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எதுக்கு அழுவுறா?" என்றார் அவர்.

"ரயிலு போயிருச்சுல்ல."

"எங்க ரயிலு?"

விளையாடுகிறார் என்று திரும்பினேன். அவர் அந்தச் சமையலறை ஜன்னலுக்குள் ரயிலைத் தேடிக்கொண்டிருந்தார். எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, கோப்பி போடட்டுமா என்று மெல்லக் கேட்டேன். கோப்பிக்கு வேண்டாம் என்று சொல்லியே அறியாதவர், திரும்பவே இல்லை.

டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன். விரலைச் சொடுக்கிக்கொண்டே சொன்னார். ஆலையில் இருக்கும்போதே காது மந்தமாக ஆரம்பித்துவிட்டதாம்.

"மத்த படத்துல நீ கேக்குற, நான் முழிக்கிறேன். இதுல நீயும் படிக்கிற, நானும் படிக்கிறேன். அதான் புடிச்சிச்சு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் பக்குவம் என்று நினைத்ததெல்லாம் இதுதானா? பாட்டு போனது, கூட்டாளிகள் போனார்கள். அடுத்து என் பேச்சும் போய்விடும் என்று பயந்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால் பிடிகொடுக்கவில்லை. காதில் மெஷின் மாட்டினால் ஊரே கிழவன் என்னுமாம்.

"ஊரு பேசுறது கேக்காட்டி போவட்டும்ங்க. நான் பேசுறது கேக்க வேணாமா?"

அதைத்தான் இத்தனை வருஷம் கேட்டாச்சே என்று சிரித்தார். ஆனால் மறுவாரம் என்னோடு கிளம்பி வந்தார்.

மெஷின் மாட்டிய புதிதில் வீட்டில் எதைத் தொட்டாலும் சண்டை. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் முகம் சுளிப்பார். என் செருப்புச் சத்தம் மண்டையில் அடிக்கிறது என்பார். பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போனபோது, படகு எஞ்சின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டார். இனி இதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னார். ஆரம்பத்திலிருந்தே புகார். தண்ணீர் சொட்டுகிறதாம், தவளை கத்துகிறதாம், கத்தி பலகையில் டக் டக்கென்று அடிக்கிறதாம்.

"சத்தமில்லாத படம்னு சொன்ன. இதுல இம்புட்டு சத்தம் கெடக்குது?"

நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் முள்ளங்கி நறுக்க ஆரம்பித்தாள். அவள் கை நிற்பதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரயிலு போவுது" என்றார், எனக்குக் கேட்டிருக்காதோ என்பதுபோல.