சேட்டு இல்லாத தோளுக்கு ஒரு பெல்ட்

டொக்டர் சொன்னது

வயதுக்கு வந்த பிள்ளை ஒன்றின் சாமத்தியச் சடங்கில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் வலதுகை ஆள்காட்டி விரல் விறைத்துப்போனது. பொத்தானை அழுத்தினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கமராவில் சத்தம் வந்த பிறகுதான் அழுத்தியிருக்கிறேன் என்று புரிந்தது. கண்டியில் கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஒருவனுக்கு மற்ற விரல்கள் நன்றாக இருந்து பயனில்லை.

பேராதனை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்தவர். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார். கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுப் படம் எடுக்கும் வேலை என்றேன்.

"கமரா என்ன பாரம்?"

"லென்ஸோட சேத்தா ஒரு பச்சப்புள்ள பாரம் இருக்கும், டொக்டர்."

"அப்ப இவ்வளவு காலமும் ஒரு பிள்ளையைக் கழுத்திலை தொங்கவிட்டிருக்கிறியள். அங்கை நரம்பு நசிஞ்சுதான் விரல் விறைக்குது, இனி அங்கை ஒண்டும் தொங்கக் கூடாது. தோளிலை குறுக்காப் போடுங்கோ. இல்லாட்டி அந்த விரலை மறந்துபோடுங்கோ."

டவுனில் கமரா சாமான் விற்கும் முஸ்லிம் நானாவின் கடைக்கு நேராகப் போனேன். ஒரு தோளில் மாட்டி மார்புக்குக் குறுக்கே போடும் பெல்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். கமரா இடுப்போரம் தொங்கும். தூக்கினால் பெல்ட் தோளில் நகர்ந்து கொடுக்கும். தோளில் படும் இடத்தில் மெத்தை, மெத்தைக்கு அடியில் கறுப்பு ரப்பர்.

"இது வழுக்கவே வழுக்காது. மலை ஏறினாலும் தோளிலயே ஈக்கும்" என்றார் நானா.

நகரவும் வேண்டும், வழுக்கவும் கூடாது என்பது கொஞ்சம் இடித்தது. போட்டுப் பார்த்தேன். நான் உடுத்தியிருந்த சேட்டின் மேல் இரண்டும் நடந்தன. வாங்கிவிட்டேன்.

கோயிலில் நடந்தது

அடுத்த கலியாணம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயிலில். பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை. கோயில் இருக்கும் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை, அதனால் வீடியோ கோலுக்கும் வழியில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் எனக்குப் போனில் பேசினார்.

"அண்ணே, மத்ததெல்லாம் எப்பிடி வந்தாலும் பரவாயில்ல. மாப்பிள தாலி கட்டுறத மட்டும் நல்லா எடுத்துருங்க. அத நான் பாத்தே ஆகணும்."

"கவலப்படாதீங்க தங்கச்சி, அது என் பொறுப்பு" என்றேன். இதை எல்லாக் கலியாணத்திலும் சொல்வேன்.

அந்தக் கோயிலில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படம் எடுப்பவனுக்கும் சலுகை கிடையாது. ஓமப் புகையில் எனக்கு வேர்த்து ஊற்றியது. வேர்வை பட்டதும் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொண்டது. கமராவைத் தூக்கினால் பெல்ட் நகரவில்லை, என் தோல்தான் நகர்ந்தது. நெஞ்சு மயிர் கொஞ்சம் அன்றோடு போனது.

இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, பெல்டுக்கு அடியில் வைத்தேன். இழுத்தால் நகர்ந்தது. நிம்மதியாக நிமிர்ந்தபோது கோயில் தலைவர் எதிரே நின்றார்.

"தோள்ல துண்டு போட்டுக்கிட்டு சாமி முன்னுக்கு நிக்கக்கூடாதுங்க. இடுப்புல கட்டுங்க."

"தோள்ல போடலீங்க, பெல்டுக்குக் கீழ வச்சிருக்கேன்."

"பெல்ட் எங்க இருக்கு?"

"தோள்ல."

"அப்ப?"

நான் ஐயரைப் பார்த்தேன். அவர் மந்திரத்தை நிறுத்தாமலே கையால் இடுப்பைக் காட்டினார். அதற்கு மேல் அப்பீல் செய்ய ஆள் இல்லை. நான் துண்டை இடுப்பில் கட்டி முடிப்பதற்குள் கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டது.

சனம் முழுக்க எழுந்து பூவும் அரிசியும் எறிந்தது. தலைகளுக்கு மேலாகத்தான் எடுக்க முடியும். கமரா என் நெஞ்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. இழுத்தேன், பெல்ட் வரவில்லை. கடைசியில் குனிந்து பெல்டுக்குள்ளிருந்து தலையை உருவிக்கொண்டு கமராவைத் தூக்கினேன். மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்திருந்தார். மூன்றாவது முடிச்சை அவருடைய அக்கா போட்டுக்கொண்டிருந்தார். அது படத்தில் மிகத் தெளிவாக விழுந்தது.

கேக் வெட்டுவதென்றால் இன்னொருமுறை வெட்டச் சொல்வேன், மாலை என்றால் இன்னொருமுறை மாற்றச் சொல்வேன். தாலியை இன்னொருமுறை கட்டு என்று சொல்ல எந்தப் படக்காரனுக்கும் வாய் வராது. மீதிச் சடங்கு முழுவதும் அழுகையை அடக்கிக்கொண்டுதான் எடுத்தேன்.

மறுபடியும் கடையில்

நானாவிடம் கடையில் இருக்கும் பெல்ட் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு சேட்டைக் கழற்றினேன்.

"அல்லாவே! என்ன செய்றீங்க? ஆக்கள் வார கடை இது."

"கோயில்ல சேட்டு போட ஏலாது நானா. கொஞ்சம் தண்ணி தாங்க, தோள்ல தெளிக்கணும்."

வாசலுக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நானா நிமிர்ந்து மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தார்.

"கோயிலுக்குள்ள ஃபேன் ஈக்கா?"

"இல்ல."

எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

ரப்பர் வைத்தவை எல்லாம் ஒட்டின. நைலோன் நகர்ந்தது, ஆனால் விளிம்பு தோளை அறுத்தது. மாட்டுத்தோல் பெல்டை நான் தொடவே இல்லை. அதோடு போனால் கோயில் தலைவர் என்னை வாசலிலேயே வைத்து அனுப்பிவிடுவார். கடைசியாக, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அகலமான பருத்தி நாடா ஒன்று வந்தது. மெத்தை இல்லை, பார்க்கவும் அழகில்லை. வேர்வையைக் குடித்துக்கொண்டது. கமரா ஒரு வளையத்தில் தொங்கியது. வளையம் நாடாவில் ஓடியதால் நாடா அசையவே தேவையில்லை.

"சேட்டோட வந்து கேட்டீங்கண்டா இத நான் காட்டவே மாட்டேன்" என்றார் நானா.

இன்றும் அந்த நாடாதான். விரலில் மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பிவிட்டது.

பெண்ணின் அம்மா லீவில் வந்தபோது கலியாண அல்பத்தை வாங்க அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாலிப் படத்தில் கை நின்றது.

"இது யாரு கை?"

"மாப்பிள்ளையோட அக்கா கை."

"அவரு கட்டுனது?"

"பெல்ட் ஒட்டிக்கிச்சு தங்கச்சி. அத இழுத்துக்கிட்டு நின்னேன்."

"அப்ப நீங்களும் பாக்கலயா?"

"பாக்கல."

அவர் அல்பத்தை மெதுவாக மூடினார். "நான் குவைத்துல இருந்து பாக்கல. நீங்க பக்கத்துல நின்னும் பாக்கல" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

எந்த பெல்ட் நல்லது என்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெல்டில் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.