புது லேப்டாப் வர்ற வரைக்கும்

லேப்டாப் கடையில நமக்குப் போட்டி பக்கத்துக் கடைக்காரன் இல்லீங்க, இன்னும் வெளிய வராத மாடலுதான்.

கவுண்டருக்குப் பின்னாடி நின்னே கால் வீங்கிப்போன என் சனங்களுக்கு இத நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. துணிக்கடையோ பாத்திரக்கடையோ, ஒருத்தரு சரக்கத் தொட்டுப் பாத்து, திருப்பிப் பாத்து, நம்ம வாயக் கிளறி, கடைசியில "யோசிச்சு சொல்றேன்"னு படி எறங்கினா வயிறு எரியுமா எரியாதா? எங்க கடையில அவங்க யோசிக்கிறது அடுத்த மாசம் புது ப்ராசஸரோட வரப்போற கேமிங் லேப்டாப்பப் பத்தி. அது எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா அதுதான் ஒசத்தி. கண்ணு முன்னாடி ஜோரா ஓடிக்கினு இருக்கிற என் மாடலு பழசு.

கடை விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். நான் திண்டிவனத்துல இருந்து தெனம் வந்து போறவ. வயசு நாப்பத்திமூணு, கல்யாணம் ஆவல. அம்மா போனப்புறம் வீட்ல நான் ஒருத்திதான். பேசறதெல்லாம் கடையோட சரி, வீட்டுக்குப் போனா வாய்க்கு வேலையே கெடையாது. அதனால இங்க கொஞ்சம் கூடப் பேசிட்டேன்னா பொறுத்துக்குங்க.

அண்ணன் இல்லியா?

கேமிங் லேப்டாப்னு வர்றவங்க எல்லாம் என்னத் தாண்டி உள்ள எட்டிப் பாப்பாங்க. கேமுன்னா ஆம்பள சமாச்சாரமாம். திருவாமாத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்தாரு, காலேஜ் கடைசி வருஷம். அண்ணன் இல்லியான்னு கேட்டாரு. நானே சொல்றேன்னு நிக்க வெச்சு, பழைய மாடல்ல என்ன கிராபிக்ஸ் கார்டு, எத்தன ஃபேனு, வரப்போறதுல எது மாறும், எது மாறாதுன்னு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சேன். தலைய ஆட்டிக் கேட்டுக்கினு நேரா கேபினுக்குப் போயிட்டாரு.

கேபின்ல இருக்கிறது எங்க மொதலாளி. அவருக்கு பில்லு போடத் தெரியும், டீ சொல்லத் தெரியும். "அந்த அக்காவைக் கேளுப்பா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. தம்பி திரும்பி வந்து, கொரலத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையா சொன்னாரு: "அக்கா, நீங்க சொன்னதையே ஒரு தடவ அவரு வாயாலயும் சொல்லச் சொல்லுங்களேன்."

காத்துக்கினு இருக்கிறவங்க

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு போடுற குடும்பம். அப்பா, அம்மா, புள்ள மூணு பேரும் வந்தாங்க. புள்ளைக்கு வரப்போற மாடலுதான் வேணும். அப்பாவுக்கு இன்னைக்கே வேலைய முடிச்சிக்கினு பஸ் ஏறணும். பழசுக்கும் புதுசுக்கும் என்னம்மா வித்தியாசம்னு அவரு கேட்டாரு. ஒரே ஏரு, ஒரே நெலம், மாடு மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்புன்னு சொன்னேன். அவருக்குப் புரிஞ்சிடுச்சு. புள்ள மட்டும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு, நாலு வாரம் பொறுத்தா என்ன கொறைஞ்சா போயிடும்னு மொணகினான்.

அப்பா சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்து என் கையில குடுத்து, பில்லு போடும்மான்னாரு. அப்புறம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறாங்களேன்னு கூடப் பாக்காம புள்ளகிட்ட சொன்னாரு. அந்தம்மா சிரிச்சிட்டாங்க. எனக்குத்தான் எங்கியோ சுருக்குன்னுச்சு. அவரு சொன்னது இதுதான்: "இதவிட நல்லது வரும், வரும்னு குந்திக்கினு இருந்தா நான் உங்கம்மாவையே கட்டியிருக்க மாட்டேன்டா."

கோட்டக்குப்பத்து பாய்

கரீம் பாய் மொத மொத வந்தது ஒரு வியாழக்கிழமை. அறுவது வயசுக்கு மேல, வெள்ளை வேட்டி சட்டை, கையில ஒரு துணிப்பை. கேமிங் லேப்டாப் பாக்கணும்மான்னாரு. தப்பான கடைக்கு வந்துட்டாரோன்னு நெனச்சேன். அவருக்கு இல்லியாம், மவனுக்காம். இர்ஃபான்னு ஒரே மவன், குவைத்துல கம்பெனி வேலை. லீவுல வரும்போது விளையாட ஒண்ணு வாங்கி வெக்கச் சொல்லியிருக்கான். பழசு வாங்கலாமா, வரப்போறதுக்குக் காத்திருக்கலாமான்னு கடையில போய் வெவரம் கேட்டுச் சொல்லுங்கன்னு அத்தாகிட்ட, அவங்க பாஷையில அப்பாகிட்ட, வேலைய ஒப்படைச்சிட்டான்.

நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவரு ஒதட்ட அசைச்சு மனப்பாடம் பண்ணிக்கினாரு. ஃபேனுக்கு உண்டானத பேட்டரிக்குச் சொல்லுவாரு, திருத்துவேன், மறுபடியும் மாத்திச் சொல்லுவாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. மத்த கஸ்டமரா இருந்தா கடுப்பாகியிருப்பேன். இவருகிட்ட ஆவல.

அடுத்த வியாழனும் வந்தாரு, அதுக்கு அடுத்ததும். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கோட்டக்குப்பத்துல நின்னு எட்டிப் பாத்தா பாண்டிச்சேரி. அங்க தெருவுக்கு ரெண்டு லேப்டாப் கடை இருக்கு. எதுக்கு பாய் பஸ் புடிச்சு, வெயில்ல வேர்த்து விறுவிறுத்து விழுப்புரம் வர்றீங்கன்னு கேட்டேன். துண்டால கழுத்தத் தொடச்சிக்கினே சொன்னாரு: "அங்க போனா ஜல்தியா வீட்டுக்கு வந்துடுறேன்மா."

கை வெச்சுப் பாக்குறது

எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு மெஷினப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரே கேமை ஓட விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டுக்கும் அடியில கைய வெச்சுப் பாக்கச் சொல்லுவோம். எது எவ்ளோ சூடாவுதுன்னு உள்ளங்கை சொல்லிடும், கம்பெனிக்காரன் அச்சடிச்சுக் குடுக்கிற காகிதம் சொல்லாது. பாய்க்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு. வந்ததும் துணிப்பைய வெச்சிட்டு ஓட விடும்மான்னுவாரு. திரையில காருங்க பறந்துக்கினு இருக்கும், இவரு கண்ண மூடிக்கினு கைய வெச்சிருப்பாரு.

ஒரு நாள் அப்படி இருக்கும்போதே சொன்னாரு. அவரு வூட்டம்மா தவறி ரெண்டு வருஷம் ஆவுது. மவன் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கூப்புடுவான். சாப்டீங்களாத்தா, சாப்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அப்புறம் ரெண்டு பக்கமும் சத்தமே இருக்காது. சரித்தா வெக்கிறேன்னு வெச்சிடுவான். அடுத்த வெள்ளி வரைக்கும் அவ்ளோதான் பேச்சு. இந்த லேப்டாப் விஷயம் வந்தப்புறம் கதையே வேற. பழசு சூடாவுதா, புதுசு எப்போ வருது, எவ்ளோ வெயிட்டுன்னு அவன் கேக்க இவரு சொல்ல, அரை மணி நேரம் ஓடிடுது. நடுவுல வேலை பேஜாரு, ரூம்ல கூட இருக்கிறவன் ஒருத்தன் கொறட்ட விடுறான்னு அவன் கதையும் வருது.

வியாழக்கிழமை இங்க வந்து சேத்துக்கினு போறது எல்லாம் வெள்ளிக்கிழமை செலவு பண்ணத்தான். வாங்கிட்டா பேச்சு முடிஞ்சிடுமோன்னு அவருக்கு உள்ளுக்குள்ள பயம். அத வாய் விட்டுச் சொல்லல. கைய எடுத்து வேட்டியில தொடச்சிக்கினு இத மட்டும் சொன்னாரு: "அவங்கம்மா இருந்தப்ப கூட அவன் எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசுனதில்லம்மா."

ரெண்டு நிமிஷத்துல தீத்து வெச்சேன்

இந்த இடத்துல நம்ம தொழிலோட கேடு என்னன்னு பாருங்க. கஸ்டமருக்கு ஒரு சந்தேகம்னா, அத அங்கியே, அப்பவே தீத்து வெச்சாத்தான் நமக்கு மூச்சு விட முடியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதில் வந்துடும்.

அந்த வியாழன் குவைத்துல ஏதோ லீவு. பாய் கடையில இருக்கும்போதே மவன் கூப்புட்டான். இவருக்குப் பெருமை தாங்கல. அந்தம்மா பக்கத்துலதான் இருக்குது, நீயே கேளுன்னு ஸ்பீக்கரப் போட்டு என் முன்னாடி நீட்டிட்டாரு. கேபின்ல மொதலாளி காதத் தீட்டிக்கினு இருக்காரு. பழைய மாடலு ஒண்ணே ஒண்ணு மிச்சம், புதுசு வர்றதுக்குள்ள தள்ளி வுடு கலான்னு ஒரு வாரமா அரிச்சிக்கினு இருந்தவரு. இர்ஃபான் பழசு போதுமாக்கான்னு கேட்டதும் என் வாய் தானா தொறந்துக்கிச்சு. நீங்க ஆடுற கேமுக்குப் பழசே தாராளம், புதுசுல பேட்டரி கொஞ்சம் கூட நிக்கும், லீவுல நாலு வாரம் ஆடுறதுக்கு அதுக்காகக் காத்திருக்க வேணாம், சூடும் அப்படி ஒண்ணும் இல்லன்னு கடகடன்னு ஒப்பிச்சிட்டேன். சரிக்கா, அப்ப அத்தா பழசையே வாங்கிடட்டும்னு சொல்லி அவன் வெச்சிட்டான். மொதலாளி கேபின்ல இருந்தே கட்டை விரலத் தூக்கிக் காட்டுறாரு.

அப்பத்தான் பாய் மூஞ்சப் பாத்தேன். நான் பண்ணி வெச்ச காரியம் அப்பத்தான் ஒறைச்சுது. அவரு கோவப்படவே இல்ல, கோவப்பட்டிருந்தா தேவலாம். போனப் பைக்குள்ள போட்டு, அடுத்த வாரம் வந்து எடுத்துக்குறேன்னாரு. வாசப்படிகிட்ட போய் நின்னு திரும்பினாரு. "நல்லா வெளக்கமா சொன்னம்மா. இனிமே நாளைக்கு அவங்கிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

குவைத் நம்பர்

அடுத்த வியாழன் பாய் வரல. நான் வாசலப் பாத்துப் பாத்துக் கழுத்து நோவு வந்ததுதான் மிச்சம். மொதலாளி ரெண்டு தடவ போன் போடுன்னு சொன்னாரு, போடுறேன் போடுறேன்னு போடவே இல்ல. அன்னைக்கு திண்டிவனம் பஸ்ல ஜன்னல் பக்கம் எடம் கெடச்சும் மனசு நல்லா இல்ல. என்னையும் ஒரு மனுசன் வாரா வாரம் வந்து பாத்துக்கினு இருந்தாரு, அத நானே கெடுத்துக்கினேன்னு தோணிச்சு. அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் மத்தியானம் கடை போனுக்கு வெளிநாட்டு நம்பர். இர்ஃபான்தான். இப்பத்தான் அத்தாகூடப் பேசினானாம். சாப்டேன், மாத்திரை போட்டேன், ரெண்டே வார்த்தையில பழைய மாதிரி முடிஞ்சுடுச்சாம். மன்னிச்சிடுங்க தம்பி, வெவரம் கேட்டீங்களேன்னு சொல்லிட்டேன்னேன். அவன் சிரிச்சான், ஆனா அது சிரிப்பு மாதிரி இல்ல. அந்த வெவரமெல்லாம் நெட்டுல எப்பவோ பாத்துட்டானாம். அத்தா எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சொல்லுவாரு, அதக் கேக்கத்தான் ஒவ்வொரு வாரமும் புதுசு புதுசா ஒரு கேள்வி யோசிச்சு வெச்சானாம். ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம், பேச ஆளே இல்லக்கான்னான். லேப்டாப் வாங்குனா என்ன, வாங்காட்டி என்ன, எனக்கு அது பெரிசில்லன்னான்.

ஒண்ண ஒளிக்காம சொல்லிடுறேன், எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்காக ஒக்காந்து கேள்வி யோசிக்க யாரு இருக்காங்க? ஆனா அவன் கடைசியா கேட்டதுக்கு நான் மாட்டேன்னு சொல்லல. இதுதான் கேட்டான்: "அக்கா, அத்தாகிட்ட ஏதாச்சும் ஒரு டவுட்டக் குடுத்து அனுப்புங்கக்கா."

பொட்டி வந்துச்சு

அன்னைக்கே பாய்க்குப் போன் போட்டேன். அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், புது ப்ராசஸரப் பத்தி இன்னும் சரியாத் தெரியல, எதுக்கும் ஒரு நடை வாங்கன்னேன். வியாழக்கிழமை வந்து நின்னாரு. சந்தேகத்தத் தீக்கிறவ அன்னையில இருந்து சந்தேகத்த உண்டாக்குற வேலைக்கு மாறிட்டேன். சார்ஜர் வெயிட்டு ஒரு வாரம், திரை வெயில்ல தெரியுமான்னு ஒரு வாரம், கீ போர்டுல வர்ற வெளிச்சத்த நிறுத்த முடியுமான்னு ஒரு வாரம். நடுவுல அந்த மிச்சம் இருந்த பழசையும் வேற ஒருத்தரு கேட்டாரு. அது ஷோகேஸ் பீஸுங்க, கீறல் இருக்குன்னு நானே தட்டிக் கழிச்சேன். மொதலாளி என்னைய ஒரு மாதிரியா பாத்தாரு.

அப்புறம் வந்தே வந்துடுச்சு. புது மாடலு, நாலு பொட்டி. எல்லாரும் சந்தோஷமா பிரிக்கிறாங்க, நான் மட்டும் கிட்டயே போவல. இனி எந்தச் சாக்கச் சொல்லி அவர நிறுத்துவேன்? வியாழக்கிழமை பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட விட்டேன். பாய் ரெண்டுக்கும் அடியில ஒவ்வொரு கைய வெச்சாரு. ரொம்ப நேரம் கைய எடுக்கவே இல்ல. மொதலாளி பில்லு புக்கோட பக்கத்துல வந்து நின்னாரு, எது பாய் போடட்டும்னு கேட்டாரு.

பாய் அவரப் பாக்கவே இல்ல. புதுசு சூடு கம்மிதான், பழசும் மோசமில்லன்னாரு. கைய எடுத்தாரு. அப்புறம் என்னப் பாத்து, ஸ்கூல் பையன் வாத்தியாரக் கேக்குற மாதிரி மெதுவா கேட்டாரு: "இதுக்கு அடுத்தது எப்பம்மா வரும்?"

இப்படி ஒரு கஸ்டமர வெச்சிக்கினு மாரடிச்சா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்னு மொதலாளி சொல்றாரு, சொல்லிக்கினு இருக்கட்டும், வியாழக்கிழமை மட்டும் நான் லீவு போடுறதே இல்ல.