மாமனார் முன்னே, மோட்டார் சைக்கிள் பின்னே

எனக்குப் பெண் கொடுக்க வந்தவருக்கு என்னிடம் எல்லாம் பிடித்திருந்தது, என் மோட்டார் சைக்கிளைத் தவிர. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் அப்போது கணக்கெழுதும் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னதுரையிடமிருந்து அந்த வண்டியை வாங்கியிருந்தேன். அதில் ஏறி உட்கார்ந்தால் நானும் அரைத் துரை என்ற நினைப்பு எனக்கு.

பெண்ணின் அப்பா காட்டோரத்து விடுதியொன்றில் சமையல்காரர். மரைமானும் சிறுத்தையும் பார்க்க வரும் துரைமாருக்கு சூப்பும் புடிங்கும் செய்து போடுகிறவர். குடும்பமும் அங்கேயேதான். மாப்பிள்ளை பார்க்க பஸ்ஸில் வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவியதும் பேச்சை எடுத்தார்.

"தம்பி, ஒங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா இந்த வண்டியில எம்மகள ஏத்திக்கிட்டுப் போவீங்கல்ல, அதுதான் பயமா இருக்கு. மொதல்ல என்னைய விடுதிக்குப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துருங்க. அப்புறம் பேசுவோம்."

அவர் மகளை ஒரு தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு கட்டியும் விட்டேன். இப்போது என் கல்யாணமே பின்சீட்டில் ஏறி உட்காரப் போகிறது.

ஏறுமுன் வண்டியைச் சுற்றி வந்தார். "பிரேக்கு புடிக்குமா?" தலையாட்டினேன். "லைட்டு எரியுமா?" ஆட்டினேன். "ஹாரன் அடிக்குமா?" அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது மட்டும் பச்சைப் பொய். ஹாரனின் ரப்பர் பந்து வெடித்து இரண்டு வாரமாகியிருந்தது. வளைவுகளில் நானே வாயால் கத்திக்கொண்டு போவேன்.

என் இடுப்பை உடும்புப் பிடியாகப் பிடித்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு "முருகா", ஒரு "மெதுவா". நான் போன வேகத்தில், கொழுந்துக் கூடையோடு நடந்த பெண்கள் எங்களை முந்திக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

தேயிலை முடிந்து காடு தொடங்கிய இடத்தில் பனிமூட்டம் இறங்கியது. லைட்டைப் போட்டால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் இறங்கிவிட்டார்.

"நீங்க பள்ளத்துல விட்டுருவீங்க தம்பி. நான் முன்னால நடக்கிறேன். என் கோட்டுக்குக் கீழ கறுப்பா ரெண்டு செருப்பு தெரியும், அதப் பாத்து வாங்க."

அவருக்கு வண்டி பயம், எனக்குப் பனி பயம். ஒருவருக்கொருவர் உபகாரம் செய்வதாகப் பாவனை பண்ணிக்கொண்டு இரண்டு மைல் போனோம்.

சட்டென்று செருப்பு இரண்டும் நின்றன. பிரேக்கை அழுத்தினேன், இஞ்சின் நின்றுபோனது. அவருக்கு நாலு முழம் முன்னால், பாதையை மறித்துக்கொண்டு, கிளை விரித்த கொம்போடு ஓர் ஆண் மரை. அதை விரட்டவேண்டும் என்ற பதற்றத்தில் கை தானாகப் போய் ஹாரனை அமுக்கியது. இரண்டு தரம். சத்தமே இல்லை. மரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவகாசமாகச் சரிவில் இறங்கிப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை, நடந்தார்.

விடுதிக்குப் போனதும் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வேற எவனாச்சும் இருந்தா ஹாரன அடிச்சிருப்பான். மரை மெரண்டு எம்மேலதான் பாஞ்சிருக்கும். இவரு மூச்சு விடலையே! என்னா நிதானம்! மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடு."

தம்பி மாப்பிள்ளையாகிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, வண்டியில் கட்டியிருந்த அப்பாவின் பையை எடுக்க மகள் வெளியே போனாள். கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை அவிழ்த்தவள் சும்மா இருக்காமல் ஹாரனை அமுக்கினாள். இன்னொரு தரம் அமுக்கினாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் வந்த வழியே தனியாகத் திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே வந்து பையை வைத்தாள்.

"நல்ல வண்டியாத்தான் இருக்குப்பா" என்றாள்.

மாமனார் கடைசிவரை என் நிதானத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அடக்கத்தோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் மட்டும் அவருக்குப் பின்னால் நின்று, கையைக் காற்றில் நீட்டி, இரண்டு தரம் அமுக்கிக் காட்டுவாள்.